பட்டத்தின் மேல் ‘ரேஸ்’ என்று போட்டிருக்கிறது: வாங்கலாமா?

போன கச்சான் (தென்மேற்குக் காற்று) சீசனில், இராமேஸ்வரத்தில், ஒரே வாரத்துக்குள் இரண்டு பேர் என்னிடம் யோசனை கேட்டார்கள். பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் ஓடும் கைட்சர்ஃபிங்குக்குப் பட்டம் வாங்குவது பற்றித்தான். முதலாவது, மதுரைத் தம்பி ஒருவர். ட்வின்-டிப் (இரு முனையும் ஒன்றுபோல் இருக்கும் சாதாரணப்) பலகையில் மூன்று சீசன் ஓட்டியவர். பலகையைத் தண்ணீருக்கு மேலே தூக்கும் அடியிறக்கையான ஹைட்ரோஃபாயிலில் அப்போதுதான் தட்டுத்தடுமாறி எழுந்து நின்றுகொண்டிருந்தார். “அண்ணே, ரேஸ் கைட் ஒன்னு பாதி விலைக்கு வருது. எடுத்துரட்டா?” என்றார். இரண்டாவது, சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பெண். அவரைவிட நன்றாக ஓட்டுவார். அவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு பட்டம் விலைக்கு வந்திருந்தது. “அது ரேஸ் கைட்டாமே அண்ணா, நமக்கு எதுக்கு வம்பு?” என்று தள்ளி வைத்துவிட்டார்.

ஒரே சொல் ஒருவரை இழுத்தது, இன்னொருவரை விரட்டியது. வேடிக்கை என்னவென்றால், இருவருமே பட்டத்தை விரித்துப் பார்த்திருக்கவில்லை.

கைட்சர்ஃபிங் உலகில் இந்தச் சொற்கள் ஏராளம்: ரேஸ், ஃப்ரீரேஸ், பெர்ஃபார்மன்ஸ், ஃப்ரீரைடு (பொழுதுபோக்கு ஓட்டம்), பிக் ஏர் (உயரத் தாவல்). இவற்றில் எதற்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனி ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்பதை இன்னொன்று ‘ஃப்ரீரைடு’ என்று விற்கும். விளம்பரத் தாளில் ‘ரேஸ் 5-க்கு 4, அலை 5-க்கு 1’ என்று பட்டைகள் போட்டிருப்பார்களே, அது அந்தக் கம்பெனியின் மற்ற பட்டங்களோடு ஒப்பிட்டுப் போட்டது. பக்கத்துக் கம்பெனியின் 4-ஐயும் இதையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பது இரண்டு பள்ளிகளின் ‘ஏ கிரேடை’ ஒப்பிடுவது போலத்தான்.

ஒரு நல்ல உதாரணம் ஓசோன் கம்பெனியின் குரோனோ. 2010-களின் நடுவில், பந்தயக்காரர்கள் டியூப் கைட்டுகளை (முன்விளிம்பில் காற்றூதிய குழாய் உள்ளவை) விட்டு ஃபாயில் கைட்டுக்கு (குழாய் இல்லாமல், துணி அறைகளில் காற்று நிரம்பி நிற்பது) மாறிய காலத்தில், முதல் குரோனோ பந்தயப் பட்டமாகவே ஓடியது. அதே கம்பெனி 2016 வாக்கில் ஆர்1 என்ற முழு ரேஸ் பட்டத்தைக் கொண்டுவந்ததும் குரோனோவின் அடுத்தடுத்த பதிப்புகள் ஃப்ரீரைடு பக்கம் நகர்ந்தன. பழைய குரோனோ வைத்திருந்தவரின் துணியில் ஒரு நூல்கூட மாறவில்லை. நேற்று வரை ரேஸ், இன்று ஃப்ரீரைடு, அவ்வளவுதான்.

உண்மையான லேபிள் ஒன்று இருக்கிறது, அதுவும் உங்களுக்கு உதவாது

விளம்பரச் சொற்களுக்கு நடுவே, பின்னால் சட்டம் இருக்கிற சொல் ஒன்று உண்டு: ‘ஃபார்முலா கைட் பதிவு பெற்றது’. ஃபார்முலா கைட் என்பது ஒலிம்பிக் கைட் பந்தயப் பிரிவின் பெயர். 2018-இல் கைட் பந்தயத்தை ஒலிம்பிக்கில் சேர்க்க முடிவானது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் நடந்த மார்செய்யில் அது முதன்முறையாக அரங்கேறியது. ஆண்களில் ஆஸ்திரியாவின் வாலண்டின் போன்டுஸ், பெண்களில் பிரிட்டனின் எல்லி ஆல்ட்ரிட்ஜ் தங்கம் வென்றார்கள். சிங்கப்பூரின் 17 வயது மேக்ஸ் மேடர் வெண்கலம் வாங்கினார், அதுவும் ஆகஸ்ட் 9, அவர்களுடைய தேசிய தினத்தன்று.

இந்தப் பிரிவின் விதிப்படி, பதிவு செய்யப்பட்ட, கடையில் எவரும் வாங்கக்கூடிய தயாரிப்பை வைத்துத்தான் போட்டியிட வேண்டும். ரகசியமாகத் தைத்த தனிப்பட்டத்துக்கு அங்கே இடமில்லை. ஆகவே ‘ஒலிம்பிக்கில் பறந்த அதே பட்டம்’ என்று விற்பவர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கார் பந்தயத்தில் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே அது நிஜம்.

ஆனால் அந்த வீரருக்குப் பக்கத்தில் பயிற்சியாளரின் படகு நிற்கிறது. காற்று மாறினால் வேறு அளவுப் பட்டத்தை எடுத்துக்கொள்கிறார். பெரிய பட்டத்தைத் தாங்குவதற்கென்றே உடல் எடையைத் திட்டமிட்டு ஏற்றி வைத்திருக்கிறார். பட்டம் அதேதான். 65 கிலோவில், உதவிக்கு ஆளில்லாமல், ஒற்றைப் பட்டத்தோடு கரையில் நிற்கிற நாம்தான் வேறு.

எதை வைத்து எடைபோடுவது

முதலில் காற்று. காற்றின் விசை வேகத்தின் இருமடியாக ஏறும். 10 நாட் (காற்று வேகத்தின் அலகு) காற்று 14 நாட் ஆனால் இழுப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆகவே ‘எந்தப் பட்டம் நல்லது’ என்பதற்கு முன்னால், நீங்கள் எத்தனை நாட் காற்றில் அதிக நாள் ஓட்டுவீர்கள் என்று கேளுங்கள். இராமேஸ்வரத்திலும் இலங்கையின் கற்பிட்டியிலும் கச்சான் மாதங்களில் பெரும்பாலும் 15 முதல் 25 நாட் கிடைக்கும். ஃபாயில் ரேஸ் பட்டங்களின் பெரிய அளவுகள் 6, 7 நாட்டில்கூட ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. அந்தத் திறமைக்குக் காசு கொடுக்கிறீர்கள், ஊரில் அதற்கு வேலை இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, ஆஸ்பெக்ட் ரேஷியோ. இறக்கையின் நீளத்தை அதே நீளத்தால் பெருக்கிப் பரப்பால் வகுத்தால் வரும் எண். 15 சதுர மீட்டர் பட்டம் 9 மீட்டர் நீளமென்றால் 5.4, அதே பரப்பு 12 மீட்டர் நீளமென்றால் 9.6. எண் கூடக்கூட பட்டம் ஒல்லியாகும், காற்றை எதிர்த்து ஏறும், சறுக்கும். கூடவே மெதுவாகத் திரும்பும், காற்று விட்டு விட்டு வீசினால் முன்விளிம்பு மடங்கும். லேபிள் என்ன சொன்னாலும் இந்த எண்ணை ஏமாற்ற முடியாது. கம்பெனி எண்ணைத் தராவிட்டால் நீளத்தைக் கேட்டு வாங்கி நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பரப்பு. பட்டத்தின் மேல் போட்டிருக்கும் ‘12’, ‘15’ என்பதும் ஒரு வகை லேபிள்தான். தரையில் விரித்து அளந்தது ஒன்று, வானில் வளைந்து நிற்கும்போது காற்றுக்குக் காட்டுகிற பரப்பு இன்னொன்று. டியூப் கைட் அதிகம் வளையும், ஃபாயில் கைட் தட்டையாக நிற்கும், இழுவைத் தடையும் குறைவு. அதனால் 11 ஃபாயில், தோராயமாக 13 அல்லது 14 டியூப் அளவுக்கு இழுக்கும். “நான் எப்பவும் 12 தான் ஓட்டுவேன்” என்று சொல்லிவிட்டு ஃபாயிலிலும் 12 எடுத்தவர்கள் முதல் நாளே கரையில் உட்கார்ந்து தோளைப் பிடித்துவிட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

நான்காவது, தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும். இதைப் பற்றி எந்த லேபிளும் பேசாது.

ஐந்தாவது, கடலின் ஆழம். இது நம் பக்கத்துக் கணக்கு. ரேஸ் ஹைட்ரோஃபாயிலின் மாஸ்ட் (பலகையையும் அடியிறக்கையையும் இணைக்கும் தண்டு) 1 மீட்டருக்கும் மேல் நீளம். இராமேஸ்வரத்திலும் கற்பிட்டிக் களப்பிலும் (கடற்கழி) கற்றுக்கொள்ள வசதி என்று நாம் கொண்டாடும் இடங்கள் பல, இடுப்பளவு, முழங்காலளவுத் தண்ணீர். அங்கே அந்த மாஸ்ட் நேராக மணலில் குத்தும். பட்டம் ரேஸ் என்றால் பலகையும் ரேஸ், பலகை ரேஸ் என்றால் ஆழமும் வேண்டும். ஒரு சொல்லை வாங்கினால் மூன்று செலவு கூடவே வரும்.

கடைசியாக, இரண்டு வருடத்துக்கான மொத்தச் செலவு. வாங்கும் விலை அதில் ஒரு பகுதிதான்.

வகை 1: ‘ரேஸ்’ ஃபாயில் கைட்

ஓசோன் ஆர்1, ஃப்ளைசர்ஃபர் விஎம்ஜி2 போன்றவை. பெயரையே கவனியுங்கள். ‘விஎம்ஜி’ என்பது பாய்மரக்காரர்களின் சொல்: எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பதல்ல, காற்றை எதிர்த்து இலக்கை நோக்கி எவ்வளவு வேகமாக நெருங்குகிறோம் என்பது. அந்த ஒரே காரியத்துக்குச் செய்தது. அதைச் செய்வதில் இதை மிஞ்ச ஆளில்லை.

தண்ணீரில் விழுந்தால்தான் கதை மாறும். இந்த நீண்ட இறக்கையின் ஒரு முனை இன்னொன்றுக்குள் சுருண்டுகொண்டால், அவிழ்ப்பதற்குள் காற்றுவாய் வழியாக அறைகளில் தண்ணீர் ஏறிவிடும். அப்புறம் நனைந்த கம்பளி மாதிரி அதைக் கட்டி இழுத்துக்கொண்டு நீச்சல்தான்.

மறைசெலவில் பெரியது சூத்திரம், அதாவது பட்டத்தைப் பிடித்து நிறுத்தும் கயிற்றுக் கட்டு. பட்டம் விட்டு வளர்ந்த எந்தப் பையனுக்கும் தெரியும், சூத்திரக் கயிறு ஒரு விரல் தள்ளிப் போனாலும் பட்டம் குட்டிக்கரணம் போடும். யாழ்ப்பாணத்தில் இதை முச்சை என்பார்கள், அங்கேயும் அதே பாடம். ஃபாயில் கைட்டின் சூத்திரத்தில் பத்துப் பன்னிரண்டல்ல, ஏகப்பட்ட கயிறுகள் கப்பி வழியாக ஓடுகின்றன. பாரம் தாங்கும் கயிறுகள் நீளும், பாரமில்லாதவை உப்பிலும் ஈரத்திலும் சுருங்கும். சில சென்டிமீட்டர் வித்தியாசம் போதும், பட்டம் பின்னால் சாய்ந்து சோம்பேறியாகிவிடும். பலர் “பட்டம் பழசாயிடுச்சு” என்று விற்றுவிடுகிறார்கள். பழசானது கயிறு. ஒல்லியான ரேஸ் பட்டத்தில் இந்தத் தவறுக்கு மன்னிப்பே கிடையாது. அளந்து சரிசெய்ய நேரமும் பொறுமையும் வேண்டும்.

இன்னொன்று, அந்தப் ‘பாதி விலை’. ஒலிம்பிக் சுழற்சி மாறிப் புதிய மாடல்கள் பதிவானதும் பழையவை பந்தயக்காரருக்குப் பயன்படாது, கூட்டமாகச் சந்தைக்கு வரும். பொழுதுபோக்காக ஓட்டுகிறவருக்கு அது லாபம் போலத் தெரியும். ஆனால் பந்தயக்காரர் தினமும் பயிற்சி செய்த பட்டம் அது. துணியில் காற்று கசிகிறதா என்று பார்க்காமல் எடுக்காதீர்கள்.

யாருக்கு நல்லது: நிஜமாகவே ஃபார்முலா கைட் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போகிறவர், ஆழ்கடல் பக்கம் இருப்பவர், கரையில் உதவிக்கு ஆளும் கடலில் படகும் உள்ளவர். இவர்களுக்கு இது ஆடம்பரமல்ல, வேறு வழியே இல்லை.

வகை 2: ‘பெர்ஃபார்மன்ஸ்’ அல்லது ‘ஃப்ரீரேஸ்’ ஃபாயில் கைட்

குரோனோவின் பிந்தைய பதிப்புகள், ஃப்ளைசர்ஃபர் சோனிக் வரிசை. ரேஸ் பட்டத்தின் தம்பி என்று சொல்லலாம். கொஞ்சம் தடித்த உடம்பு, கொஞ்சம் சாந்தமான குணம். தாவினால் இறங்க மனசில்லாமல் மேலேயே மிதக்கும். 8 முதல் 14 நாட் காற்றில், ஹைட்ரோஃபாயிலோடு, இதைவிட இன்பமான பொருள் இந்த விளையாட்டில் இல்லை என்பது என் அபிப்பிராயம். காலையில் டியூப் கைட்காரர்கள் டீக்கடையில் காற்றுக்காகக் காத்திருக்கும்போது நீங்கள் கடலில் இருப்பீர்கள்.

லேபிளால் அதிகம் அடிபடுவதும் இந்த வகைதான். ‘ஃப்ரீரேஸ்’ என்ற சொல்லில் ‘ரேஸ்’ ஒட்டிக்கொண்டிருப்பதால் இதற்குத் தகுதியானவர்கள் பயப்படுகிறார்கள், தகுதி வராதவர்கள் ஆசைப்படுகிறார்கள்.

சூத்திரம் அளக்கிற வேலை இதற்கும் உண்டு. மணல் இன்னொரு எதிரி: அறைகளுக்குள் புகுந்தால் துணியை உள்ளேயிருந்து தேய்க்கும். நம் வெயிலில் விரித்துப் போட்டுக் காயவைப்பது வேறு கெடுதல், நிழலில்தான் காயவைக்க வேண்டும். கிழிந்தால் சாதாரண தையல்காரரிடம் போகாது, பாராகிளைடர் துணி தைத்துப் பழகியவரைத் தேட வேண்டும். இரண்டும் ஒரே குடும்பம். ஓசோன் பாராகிளைடரும் செய்கிற கம்பெனிதான்.

வகை 3: ‘ஃப்ரீரைடு’ ஃபாயில் கைட்

ஃப்ளைசர்ஃபர் சோல், ஓசோன் ஹைப்பர்லிங்க். கடைக்காரர்கள் இதை ‘ஆரம்பநிலை’ என்று தள்ளிவிடும்போது எனக்குக் கோபம் வரும். ஹைப்பர்லிங்க் தரை, பனி, தண்ணீர் மூன்றுக்கும் சேர்த்துச் செய்தது. திரும்பச் சொன்னால் திரும்பும், மடங்கினால் தானே விரியும், விழுந்தால் பின்கயிற்றை இழுத்துப் பின்பக்கமாகவே எழுப்பிவிடலாம். உச்ச வேகத்தில் முதல் இரண்டு வகைகளுக்கும் கீழே. அந்த வித்தியாசத்தைத் தொடுகிற அளவுக்கு நம்மில் எத்தனை பேருக்குக் கால் பழகியிருக்கிறது?

ஹைட்ரோஃபாயிலில் முதல் இரண்டு சீசன் இருப்பவருக்கு வேறு யோசனையே வேண்டாம். இதன் ஒரே குறை, கரையில் யாரும் “ஆ! என்ன கைட்?” என்று கேட்கமாட்டார்கள்.

வகை 4: ‘பிக் ஏர்’ அல்லது ‘ஃப்ரீரைடு ரேஸ்’ டியூப் கைட்

ஓசோன் எட்ஜ், கோர் எக்ஸ்ஆர் போன்ற நீண்ட டியூப் கைட்டுகள். ஃபாயில் வருவதற்கு முன்னால் பந்தயம் ஓடியதே டியூப் கைட்டில்தான். 2018-இல் புவெனஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கில்கூட டியூப் கைட்டும் ட்வின்-டிப் பலகையும் வைத்துத்தான் பந்தயம் நடத்தினார்கள். ஆகவே ‘ரேஸ் என்றால் ஃபாயில்’ என்பது சமீபத்துப் பழக்கம்.

இன்றைக்கு விற்கிற சொல் ‘பிக் ஏர்’. கேப் டவுனில் நடக்கும் கிங் ஆஃப் தி ஏர் போட்டியின் காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லே போதும். 18 நாட்டுக்கு மேல் கச்சான் நிலையாக வீசும் நாட்களில் இந்த வகைதான் ராஜா. ஊதிய டியூப் மிதக்கும், எத்தனை தடவை விழுந்தாலும் எழும். 12 நாட்டுக்குக் கீழே கனத்துத் தொங்கும்.

இந்த வகையில் லேபிள் வேறு திசையிலும் வேலை செய்கிறது. ஒரே மாடலைச் சாதாரணத் துணியில் ஒன்று, இன்னொரு பொருளில் இன்னொன்று, அலூலா என்ற இலேசான பொருளில் மூன்றாவது என்று படிக்கட்டு கட்டி விற்பார்கள். டுயோடோனின் எஸ்எல்எஸ், டி-லேப் என்பவை இப்படிப்பட்ட படிகள். எடை குறைவது நிஜம், காற்று மெலிந்திருக்கும்போது அதை உணரவும் முடியும். 22 நாட் காற்றில் நான் ஓட்டும்போது என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. உங்களால் முடிந்தால் வாங்குங்கள்.

மறைசெலவு: சூட்டில் பசை இளகி வால்வு கழன்றுகொள்வது. காரின் பின்பெட்டியில் நாள் முழுக்க வைக்காதீர்கள்.

ஒரே பார்வையில்

| | ரேஸ் ஃபாயில் | பெர்ஃபார்மன்ஸ் ஃபாயில் | ஃப்ரீரைடு ஃபாயில் | பிக் ஏர் டியூப் |
|---|---|---|---|---|
| மெலிந்த காற்று | மிகச் சிறப்பு | சிறப்பு | நன்று | சுமார் |
| பலத்த கச்சான் | சிறிய அளவு தனியாக வாங்க வேண்டும் | பழகிய கைக்கு | நன்று | மிகச் சிறப்பு |
| விழுந்தால் எழுப்புவது | கடினம் | பழக வேண்டும் | எளிது | மிக எளிது |
| ஆழமில்லாத களப்பு | ரேஸ் மாஸ்டுக்கு ஆகாது | குட்டை மாஸ்ட் போட்டால் சரி | சரி | ட்வின்-டிப்போடு பிரமாதம் |
| பெரிய மறைசெலவு | பல அளவுகள், பலகை, சூத்திரம் | சூத்திரம், தையல் | சூத்திரம் | வால்வு, ‘இலேசு’ப் படிகள் |
| லேபிள் செய்யும் வேலை | ஆசை காட்டுகிறது | குழப்புகிறது | மட்டம் தட்டுகிறது | காணொளியை விற்கிறது |

விற்பவரிடம் என்ன கேட்கலாம்

‘இது ரேஸா, ஃப்ரீரைடா’ என்று கேட்காதீர்கள். நீளம் எத்தனை மீட்டர், என் எடைக்கு எத்தனை நாட்டிலிருந்து எத்தனை நாட் வரை, சூத்திரத்தைக் கடைசியாக எப்போது அளந்தீர்கள், இதில் எத்தனை தடவை நீச்சலடித்து வந்தீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு விற்பவர் சிரித்தால் நல்ல சகுனம். யோசித்தால் விலையைக் குறையுங்கள்.

சரி, அந்த இருவர். மதுரைத் தம்பி நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு ரேஸ் பட்டத்தையே எடுத்துவிட்டார். இப்போது காற்று மெலிந்த காலை நேரங்களில் மட்டும் அதை விரிக்கிறார், பக்கத்தில் முனையைப் பிடிக்க நான் நிற்க வேண்டும். போன வாரம் சோல் ஒன்றின் விலையைக் கேட்டு எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார்.

சென்னைக்காரருக்கு என்னுடைய பழைய குரோனோவை ஒரு நாள் கொடுத்தேன். இரண்டு இடத்தில் கிழிந்து ஒட்டுப் போட்டது, ஒட்டு சரியாகப் பெயரின் மேலேயே விழுந்திருக்கிறது. 13 நாட் காற்று. ஒரு மணி நேரம் கழித்துக் கரைக்கு வந்து, “இது என்ன கைட்ணா, இவ்வளவு சாதுவா இருக்கு?” என்றார். அவர் வம்பு என்று தள்ளி வைத்ததன் முந்தைய பதிப்பு அது என்றேன். கொஞ்ச நேரம் ஒட்டுத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “15 எடுக்கட்டுமா, 13 போதுமா?” என்று கேட்டார்.